காட்டுக் காளானை நெருங்கிப் படமெடுப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை வலுத்த பிறகு, கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில், மட்கிக் கிடக்கும் கிளைகளின் மேல் சுண்டுவிரல் நகத்தளவுக் குடையுடன் மராஸ்மியஸ் காளான்கள் முளைத்திருக்கும். மழை விட்ட மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். மராஸ்மியஸ் காய்ந்து சுருங்கினாலும் மறுபடி நனைந்தால் விரிந்துகொள்ளும். காப்ரினஸ் வகைக் காளான்களின் குடையோ சில மணி நேரத்திலேயே கருமையாகக் கரைந்து சொட்டத் தொடங்கிவிடும். தோட்டமென்றால் உரிமையாளரிடமும், காப்புக்காடென்றால் வனத்துறையிடமும் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

லென்ஸைப் பொறுத்தவரை, 60 மி.மீ. மேக்ரோவைவிட (மேக்ரோ என்பது மிக நெருங்கிப் படமெடுக்க உதவும் லென்ஸ்) 100 மி.மீ. மேக்ரோவையே பரிந்துரைப்பேன். அது காளானிலிருந்து சற்றுத் தள்ளி நிற்பதால், இடையில் வெளிச்சம் விழ இடம் கிடைக்கிறது. செலவைக் குறைக்க வேண்டுமானால், 50 மி.மீ. லென்ஸுடன் எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே பொருத்தும் வெற்றுக் குழாய்) ஒன்றை இணைத்தாலே போதுமானது.

கேமராவைக் குடையின் அடிவிளிம்பு உயரத்துக்கு இறக்குங்கள். மேலிருந்து எடுத்தால் குடை மட்டுமே தெரியும். காளானின் அழகெல்லாம் அடியிலுள்ள மெல்லிய தகடு போன்ற செதில்களில்தான் இருக்கிறது. நடுத்தண்டு இல்லாத முக்காலி இதற்கு ஏற்றது. மூன்று கால்களையும் முழுக்க விரித்துத் தரையோடு தரையாக வைத்துவிடலாம்.

அடுத்துவரும் படிதான் என்னை ஒரு பருவம் முழுக்க அலைக்கழித்தது. முழுச்சட்டக சென்சாரில், 1:1 உருப்பெருக்கத்தில் (காளான் தன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும்போது), லென்ஸின் துளையை எஃப்/8 வைத்தாலும் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ. மட்டுமே. துளையை எஃப்/22 வரை சுருக்கினால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே மங்கிவிடும். ஆகவே எஃப்/8-இலேயே நின்று, ஃபோகஸை முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை சிறிது சிறிதாக நகர்த்திப் பதினைந்து, இருபது படங்கள் எடுத்து, பின்னர் ஒவ்வொன்றின் கூர்மையான பகுதியும் சேர்ந்து ஒரே படமாகும்படி அவற்றைக் கணினியில் அடுக்க வேண்டும். நான் அடுக்கிய படங்களிலெல்லாம் குடையின் விளிம்பு இரட்டையாகவே வந்தது. காற்றைத்தான் காரணமென்று நினைத்திருந்தேன். ஒருநாள் பதினெட்டுப் படங்களையும் வரிசையாகப் புரட்டிப் பார்த்தபோது, ஏழாவது படத்திலிருந்து காளானும் கிளையும் பின்புறப் பாசியும் சேர்ந்து இடப்பக்கம் நகர்ந்திருந்தது தெரிந்தது. அந்த இடத்தில்தான் நான் வலது முழங்காலிலிருந்து இடது முழங்காலுக்கு எடையை மாற்றியிருக்கிறேன். சருகுக்கு அடியில் நான்கு விரற்கடை ஆழத்துக்கு மெத்தென்ற மட்கு கிடக்கிறது. நாம் அசைந்தால் அதுவும் அமுங்கி, அருகிலிருக்கும் முக்காலியைச் சாய்த்துவிடுகிறது.

ஆகையால் முக்காலியின் கால்களை மட்கைத் தாண்டிக் கெட்டியான மண் தட்டுப்படும் வரை அழுத்துங்கள். மண் எட்டவில்லையென்றால் ஒவ்வொரு காலின் அடியிலும் தட்டையான கல்லை வையுங்கள். உட்கார வேண்டிய நிலையில் முதலிலேயே உட்கார்ந்து, பத்து நொடி பொறுத்து, ரிமோட்டால் எடுக்கத் தொடங்குங்கள். கடைசிப் படம் முடிந்ததும், ஃபோகஸை முதற்படத்தின் இடத்துக்கே கொண்டுவந்து இன்னுமொரு படம் எடுத்து, இரண்டையும் திரையில் மாற்றிமாற்றிப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லையென்றால் அங்கேயே மறுபடியும் எடுத்துவிடலாம். வீட்டுக்கு வந்து கண்டுபிடித்துப் பயனில்லை.

மர நிழலின் வெளிச்சம் பச்சையாக இருப்பதால், சாம்பல் அட்டையை வைத்து வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்துகொள்ளுங்கள். வெள்ளைக் குடை இருண்ட பின்னணியில் வெளிறிப்போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்தால் குடையின் மெல்லிய வரிகள் மீளும். செதில்களுக்கு ஒளி கொடுக்க, சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து அதன் வெள்ளி நிற உட்பக்கத்தைக் காளானின் அடியில் சாய்த்து வைப்பேன். விலையுயர்ந்த எந்தப் பிரதிபலிப்பானும் அந்த இடுக்குக்குள் நுழையாது.

படங்களை அடுக்குவதற்கு ஸெரீன் ஸ்டாக்கர் என்ற மென்பொருளையே விரும்புகிறேன். ஒன்றையொன்று மறைக்கும் செதில்களின் விளிம்புகளை அதிலுள்ள பிமேக்ஸ் முறை சுத்தமாகப் பிரித்துக் கொடுக்கிறது.

பின்சேர்க்கை: கால்களை மண்ணில் ஊன்றிய பிறகும் விளிம்பு இரட்டையாகவே வருவதாக வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். முக்காலியில் வைத்ததும் லென்ஸிலும் கேமராவிலும் உள்ள அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். இல்லாத அசைவைத் திருத்தப் போய் அது சட்டகத்தைச் சற்றே நகர்த்திவிடக்கூடும். இன்னொருவர், படத்தைப் பார்த்து உண்ணத்தக்க காளானா என்று சொல்ல முடியுமா எனக் கேட்டிருந்தார். முடியாது, படத்தை மட்டும் நம்பி எந்தக் காட்டுக் காளானையும் தயவுசெய்து சமைக்காதீர்கள்.