கட்டியில் லிம்போசைட் 40 சதவீதம்: ரிப்போர்ட்டைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மேடம், அம்மாவோட ரத்த ரிப்போர்ட்ல லிம்போசைட் 28. கட்டி ரிப்போர்ட்ல 40-ன்னு போட்டிருக்கீங்க. எது சரி?"

கேட்டது வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பையன். கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் ஸ்கேன், பில், ரிப்போர்ட் எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தான். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து பத்து நாள். நான் பெத்தாலஜிஸ்ட். ஆபரேஷனில் எடுத்த கட்டியைச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நோயாளியின் வீட்டார் எங்கள் அறை வரை வருவது அபூர்வம். ஆனால் இந்த லிம்போசைட் வரியை ரிப்போர்ட்டில் சேர்க்க ஆரம்பித்த பிறகு, வருகிறவர்கள் அதைத்தான் விரலால் தொட்டுக் காட்டிக் கேட்கிறார்கள்.

இரண்டும் சரிதான் தம்பி என்றேன். லிம்போசைட் என்பது நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை. ரத்தத்தில் 28 என்றால், நூறு வெள்ளணுவை எண்ணினால் அதில் 28 லிம்போசைட். கட்டியில் 40 என்பது எண்ணிக்கையே இல்லை, பரப்பளவு. புற்றுச் செல்கள் கொத்துக்கொத்தாக இருக்கும்; கொத்துகளுக்கு நடுவே நார்த்திசு இருக்கும், அதை ஸ்ட்ரோமா என்போம். அந்த ஸ்ட்ரோமாவில் எவ்வளவு இடத்தை லிம்போசைட்டும் அதிலிருந்து உருவாகும் பிளாஸ்மா செல்லும் பிடித்திருக்கின்றன என்று கண்ணால் மதிப்பிட்டுப் போடும் எண் அது. எங்கள் மைக்ராஸ்கோப்பில் இன்னொருவர் கூடவே பார்க்க ஒரு கண்ணாடி உண்டு. அதில் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நீலக் கடுகைக் கொட்டின மாதிரி இருக்கு மேடம்" என்றான். சரியான வர்ணனை. பெரிதாய், கோணல்மாணலாய்த் தெரிவது புற்றுச் செல். அதைச் சுற்றிக் கருநீலத்தில் சின்னச் சின்ன உருண்டையாய் நிற்பவைதான் லிம்போசைட்டுகள்.

இந்தக் குழப்பத்திலிருந்துதான் மற்ற தவறுகள் கிளம்புகின்றன. ரத்த ரிப்போர்ட்டில் 20 முதல் 40 வரை நார்மல் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அதே பழக்கத்தில் கட்டியில் 40 என்றதும் 'மேல் எல்லையைத் தொட்டுவிட்டதோ' என்று பயப்படுகிறார்கள். 5 என்றால் 'ரத்தம் குறைந்துவிட்டதோ' என்கிறார்கள். கட்டிக்குள் இருக்கும் லிம்போசைட்டுக்கு நார்மல் என்று ஓர் அளவு கிடையாது. உடம்பின் காவல்படை கட்டியை அடையாளம் கண்டு எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பதற்கான தடயம் அது.

தடயத்தைப் படிப்பதில் எங்கள் தரப்புத் தவறுகளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்லைடில் ஓர் ஓரத்தில் மட்டும் கடுகு குவிந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் பார்த்து 70 என்று எழுதத் தோன்றும். கூடாது. பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து 2014-இல் வகுத்த வழிமுறை, கட்டி முழுவதையும் பார்த்துச் சராசரி போடச் சொல்கிறது. செத்துப்போன திசுவைச் சுற்றியிருப்பதைச் சேர்க்கக் கூடாது. பக்கத்திலிருக்கும் நல்ல மார்பகத் திசுவில் இருப்பதையும் சேர்க்கக் கூடாது. முதலில் ஊசி பயாப்சி எடுத்த இடத்தில் காயம் ஆறுவதற்காகவே செல்கள் கூடியிருக்கும். அது கட்டிக்கு எதிராக வந்த கூட்டம் இல்லை, அதையும் தள்ளிவிட வேண்டும். இத்தனை பார்த்தும் நான் 40 என்பதை இன்னொரு பெத்தாலஜிஸ்ட் 30 என்று எழுதலாம். ஆகவே 30-க்கும் 40-க்கும் நடுவிலிருக்கும் பத்தை வைத்துக்கொண்டு ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, வார்டு வராந்தாவில் நடக்கும் தவறு. ஒருவர் ரிப்போர்ட்டை இன்னொருவர் வாங்கிப் பார்ப்பது. "என் நாத்தனாருக்கு 10 தான், எனக்கு 60, நான் பரவாயில்ல போல." நாத்தனாருக்கு எந்த உறுப்பில், எந்த ரகம் என்று தெரியாமல் இதைச் சொல்லவே முடியாது. ஏனென்றால் ஒரே செல் ஒரு புற்றுநோயில் நல்ல சகுனம், இன்னொன்றில் நேர்மாறு.

மார்பகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் ஏற்பியும் (ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்), வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 புரதமும் இல்லாத 'டிரிப்பிள் நெகட்டிவ்' ரகத்தில், லிம்போசைட் கூடக்கூட முடிவு நன்றாக இருப்பது திரும்பத் திரும்ப நிரூபணமாகியிருக்கிறது. 2024-இல் வந்த ஆய்வு ஒன்று, ஆபரேஷன் ஆகியும் கீமோ எடுத்துக்கொள்ளாத 1966 டிரிப்பிள் நெகட்டிவ் நோயாளிகளைப் பார்த்தது. முதல் நிலையில் இருந்து, லிம்போசைட் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 5 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 95 சதவீதம். 30-க்குக் கீழே இருந்தவர்களில் 82. ஆனால் ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 இல்லாத ரகத்தில் கதை வேறு. 3771 நோயாளிகளின் தகவலைத் தொகுத்து 2018-இல் வந்த ஆய்வில், அந்த ரகத்தில் லிம்போசைட் அதிகம் இருந்தவர்களின் ஆயுள் குறைவாகத் தெரிந்தது. ஒரே மார்பகம், ஒரே கடுகு, அர்த்தம் மட்டும் தலைகீழ்.

சினைப்பையில், முற்றிய நிலையில் இருந்தவர்களைப் பார்த்த 2003-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று பிரபலம். கட்டிக்குள்ளேயே டி செல்கள் (லிம்போசைட்டில் ஒரு வகை) நுழைந்திருந்தவர்களில் 5 ஆண்டு பிழைத்தவர்கள் 38 சதவீதம், நுழையாதவர்களில் 4.5 சதவீதம். சிறுநீரகத்தின் கிளியர் செல் புற்றுநோயிலோ சிடி8 என்ற வகை டி செல் அதிகம் இருப்பது பெரும்பாலும் கெட்ட செய்தி.

வந்திருப்பது யார், எங்கே நிற்கிறார் என்பதும் கணக்கில் வரும். சிடி8 செல் கொல்ல வந்த ஆள். ஒழுங்குபடுத்தும் டி செல் 'போதும் விடு' என்று மற்றவர்களைத் தடுக்கும் ஆள். சாதாரண சாயத்தில் இரண்டும் ஒரே நீலக் கடுகுதான். குடலில் இதைப் பிரித்துப் பார்க்க வழி காட்டியவர் பாரிஸைச் சேர்ந்த ஜெரோம் கலோன். எந்த வகைச் செல், எவ்வளவு அடர்த்தி, எந்த இடத்தில் என்ற மூன்றும் பெருங்குடல் புற்றுநோயின் முடிவைச் சொல்கின்றன என்று அவர் குழு 2006-இல் எழுதியது. அதிலிருந்து பிறந்தது 'இம்யூனோஸ்கோர்': எல்லா டி செல்லையும் காட்டும் சிடி3, கொல்லும் செல்லைக் காட்டும் சிடி8 என்று இரண்டு சாயம், கட்டியின் நடுப்பகுதி, விளிம்பு என்று இரண்டு இடம், எண்ணுவது கம்ப்யூட்டர். 2018-இல் பல நாடுகளின் 2681 நோயாளிகளிடம் இது சரிபார்க்கப்பட்டது.

இதை இணையத்தில் படித்துவிட்டு, "அப்பாவுக்கு இம்யூனோஸ்கோர் எடுத்தே ஆகணும் டாக்டர்" என்று வருகிறவர்கள் உண்டு. ஆர்வம் தப்பில்லை. ஆனால் அது வழக்கமான டெஸ்ட் இல்லை, அதைத் தேடி அலையும்போது கையிலிருக்கும் ரிப்போர்ட்டை யாரும் புரட்டுவதில்லை. குடல் ஆபரேஷன் என்றால் முதலில் பாருங்கள்: குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்களா? எம்எம்ஆர் என்ற, மரபணுப் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்களின் டெஸ்ட் செய்தாயிற்றா? அந்தப் புரதம் குறைந்த கட்டிகளில்தான் பெரும்பாலும் லிம்போசைட் அப்பிக்கிடக்கும். இரண்டாம் நிலையில் கீமோ தேவையா என்ற முடிவிலும், பரம்பரையாக வருவதா, அண்ணன் தம்பிகளும் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்விக்கும் அந்த டெஸ்ட் நேரடியாகக் கைகொடுக்கும்.

எல்லாத் தவறிலும் பெரிய தவறு, எண் நன்றாக இருக்கிறதென்று மருந்தை நிறுத்துவது. "லிம்போசைட் 60, உடம்பே பார்த்துக்கும், கீமோ எதுக்கு?" இதை என் காதால் கேட்டிருக்கிறேன். மேலே சொன்ன 95 சதவீதம் முதல் நிலை நோயாளிகளுக்கானது, அதுவும் பழைய பதிவுகளைத் திரட்டிப் பார்த்தது. இன்ன எண்ணுக்கு மேலே இருந்தால் கீமோவைத் தைரியமாக விடலாம் என்று சொல்ல, இரண்டு பிரிவாகப் பிரித்து மருந்து கொடுத்தும் கொடுக்காமலும் பார்க்கும் சோதனை வேண்டும். நோய் எப்படிப் போகும் என்று சொல்வது ஒன்று, இந்த மருந்து கேட்குமா என்று சொல்வது இன்னொன்று. இதே மாதிரி, லிம்போசைட் நிறைய இருப்பதால், உடம்பின் எதிர்ப்பைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி கட்டாயம் வேலை செய்யும் என்றும் முடிவு கட்டக் கூடாது. நோய் பரவிய டிரிப்பிள் நெகட்டிவில் அதற்கென்று பிடி-எல்1 என்ற புரதத்தைப் பார்க்கும் டெஸ்ட் தனியாக இருக்கிறது.

கசாயம் பற்றியும் கேட்பார்கள். லிம்போசைட் 5 என்று பார்த்ததும் கபசுரக் குடிநீரும் சீந்தில் பொடியும் வீட்டுக்கு வந்துவிடும். வெட்டி எடுத்து மெழுகில் பதித்த கட்டியின் எண், குடித்தால் ஏறாது. சீந்தில் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் வீங்கியதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்திருக்கிறார்கள். கீமோ ஓடும்போது கல்லீரலோடு விளையாட வேண்டாம்.

இப்போது எனக்கு நிஜமாகவே எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன். சின்ன நர்சிங் ஹோம்களில், எடுத்த கட்டியை டப்பாவில் போட்டு வீட்டார் கையில் கொடுத்து 'லேபில் கொடுத்துடுங்க' என்பார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எழும்பூரில் ஒரு லேப் வாசலில் ஒருவர் இப்படி நின்றார். லேப் பூட்டியாயிற்று. அவர் வீட்டுக்குப் போய் டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்தார், திங்களன்று கொண்டுவந்தார். திறந்தால் முழு மார்பகம், ஊறுகாய் மாதிரி அமுக்கியிருந்தது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஏதோ திரவம், அதுவும் திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் இல்லை, வெறும் உப்புநீரான சலைன். வெளியே பரவாயில்லை, உள்ளே அழுகிவிட்டது. அந்தக் கட்டியில் லிம்போசைட்டும் சொல்ல முடியவில்லை, ஹார்மோன் ஏற்பியையும் நம்ப முடியவில்லை. அவர் மேல் என்ன தப்பு? யாரும் சொல்லவில்லை.

மார்பகக் கட்டி வெளியே வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும். திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும், பெரிய திசுவென்றால் நடுவே கீறிவிட வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே "எந்த லேபுக்குப் போகும், யார் கொண்டுபோவார்கள், ஃபார்மலினில் எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று எழுதுவீர்களா?" என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அப்புறம், மெழுகு பிளாக்கை வாங்கினால் மே மாத வெயிலில் பைக் பெட்டியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் மாதிரிப் பெரிய மையத்துக்குப் போனால் முதலில் கேட்பது அந்த பிளாக்கும் ஸ்லைடும்தான். 'மறுபடி எதுக்குப் பார்க்கணும்' என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

வியாசர்பாடிப் பையனுக்கு வருகிறேன். டிரிப்பிள் நெகட்டிவ், 40 சதவீதம் என்றதும் அவன் முகம் தெளிந்தது. ஃபைலை மூடப் போனான். அதற்குள் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி கண்ணில் பட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் ஐந்து மாதம் கீமோ. எங்களுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் அந்த விவரமே இல்லை.

அது எல்லாவற்றையும் மாற்றிவிடும். கீமோ புற்றுச் செல்லையும் கொல்லும், லிம்போசைட் நிலவரத்தையும் கலைத்துப்போடும். கீமோவுக்குப் பின் மிச்சமிருக்கும் கட்டியில் பார்க்கும் 40-க்கும் அர்த்தம் உண்டு. ஆனால் எவ்வளவு கட்டி மிச்சம், கணுக்களில் என்ன மிச்சம் என்பதோடு சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும். கீமோவுக்கு முன்னால் எடுத்த எண்களின் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஒப்பிடுவதற்கு வேண்டியது முதல் ஊசி பயாப்சி. அது திருவள்ளூரில் ஒரு லேபில் எடுத்தது. என் ரிப்போர்ட்டை வாங்கி, கீமோ விவரத்தைச் சேர்த்துத் திருத்தி எழுதுவதாகச் சொன்னேன். அவன் மருந்துக்கடை பில்லின் பின்பக்கத்தில் அந்த லேபின் பெயரையும் பயாப்சி நம்பரையும் குறித்துக்கொண்டான்.

அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தலையில் சுங்குடித் துணி. "என்னப்பா சொன்னாங்க?"

"பழைய பிளாக் வேணுமாம்மா. நாளைக்குத் திருவள்ளூர் போயிட்டு வந்துடறேன்."