மின்னூட்டமே இல்லாத காகிதம் ஏன் ஈர்க்கப்படுகிறது? செய்து பார்க்கலாம்

தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சீப்பில் மின்னூட்டம் ஏறியிருக்கிறது, சரி. காகிதத்தை யாரும் தேய்க்கவில்லையே? எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கும் என்றுதான் படித்தோம். இங்கே ஒரு பக்கம் மின்னூட்டமே இல்லை. விடையை மேசைமேல் வைத்தே தேடலாம்.

தேவையானவை: பிளாஸ்டிக் ஸ்ட்ரா இரண்டு, டிஷ்யூ பேப்பர், அலுமினியத் தாள், சாதாரணக் காகிதம், குண்டூசி, அழிப்பான், தையல் நூல், செலோடேப். எல்லாம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், உங்கள் கைகளும்தான். ஈரப்பதம் மிகுந்த நாளில் பொருள்களின்மேல் படியும் நீர்ப்படலம் வழியே மின்னூட்டம் கசிந்துவிடும். சோதனை சொதப்பினால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 1: சுழலும் முள்

1 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளத்தில் காகிதப் பட்டை ஒன்றை வெட்டுங்கள். நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே நடுவில் ஒரு மடிப்பு. லேசாக விரித்தால் இரண்டு மடிப்பும் வெட்டும் இடம் மேடாக நிற்கும். அழிப்பானின் அடியிலிருந்து குண்டூசியைக் குத்தி, கூர்முனை மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். அதன்மேல் பட்டையின் மேட்டைப் பொருத்தி, முனைகள் சற்றுக் கீழே தொங்கும்படி விட்டால் போதும், தடையில்லாமல் சுழலும். வில்லியம் கில்பர்ட் 1600-இல் வெளியிட்ட காந்தவியல் நூலில் இதே வகைக் கருவி வருகிறது. அவருடையது உலோக முள்.

படி 2: ஸ்ட்ராவைக் காட்டுங்கள்

ஸ்ட்ராவை டிஷ்யூவுக்குள் இறுக்கிப் பிடித்துப் பலமுறை உருவுங்கள். டிஷ்யூவின் எலக்ட்ரான்கள் சில ஸ்ட்ராவுக்குத் தாவ, ஸ்ட்ரா எதிர் மின்னூட்டம் பெறுகிறது. இப்போது தொடாமல் முள்ளின் பக்கத்தில் கொண்டுபோங்கள். முனை திரும்பி ஸ்ட்ராவை நோக்கி வரும். மறுமுனையிடம் நீட்டுங்கள், அதுவும் வரும்.

காகிதத்தில் நேர், எதிர் இரண்டும் சம அளவில் உண்டு. அதனால்தான் அது நடுநிலை. ஸ்ட்ரா நெருங்கியதும் காகித மூலக்கூறுகளின் எலக்ட்ரான்கள் மிகச் சிறிதளவு பின்வாங்குகின்றன. அவை மூலக்கூறை விட்டு ஓடிவிடவில்லை, இடம் நகர்ந்து உட்காருகின்றன, அவ்வளவுதான். இதற்கு முனைவாக்கம் என்று பெயர். ஸ்ட்ராவைப் பார்த்த பக்கம் நேர் தன்மை, எட்டத்தில் எதிர் தன்மை. கூலும் விதிப்படி தூரம் கூடினால் விசை குறையும். பக்கத்தில் உள்ளதற்கான ஈர்ப்பு, எட்டத்தில் உள்ளதற்கான விலக்கலை வென்றுவிடுகிறது. மொத்தத்தில் மிஞ்சுவது இழுப்பு.

வெறும் வித்தியாசத்தில் கிடைக்கும் விசை என்பதால் இது தூரத்தோடு வேகமாகத் தேயும். இரண்டு புள்ளி மின்னூட்டங்களுக்கு இடையில் தூரம் பாதியானால் விசை 4 மடங்கு. புள்ளி மின்னூட்டத்துக்கும் மிகச் சிறிய நடுநிலைத் துணுக்குக்கும் அது 32 மடங்கு! ஸ்ட்ரா புள்ளி அல்ல, எனவே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் துணுக்கு சும்மா கிடந்துவிட்டுக் கடைசியில் திடீரென்று தாவுவது ஏன் என்று புரிந்திருக்கும்.

படி 3: அலுமினியத் தாள்

அதே அளவில் அலுமினியப் பட்டை செய்து மாற்றுங்கள். உலோகத்தில் எலக்ட்ரான்கள் தாராளமாக ஓடும் என்பதால் பிரிவினை முழுமையாக நடக்கும். அப்புறம் சிறு அலுமினியத் துணுக்குகளை மேசையில் போட்டு ஸ்ட்ராவைக் காட்டுங்கள். சில துணுக்குகள் தாவி ஒட்டி, உடனே தெறித்து விலகும். தொட்டபோது ஸ்ட்ராவின் மின்னூட்டத்தில் கொஞ்சம் அவற்றுக்கும் போய்விட்டது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும்.

படி 4: ஸ்ட்ராவுக்கு எதிரே ஸ்ட்ரா

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு ஸ்ட்ராவின் ஒரு பாதியை மட்டும் தேய்த்து, நடுவில் நூல் கட்டி மேசை விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். ஆட்டம் நின்றதும், தேய்த்த இரண்டாவது ஸ்ட்ராவை அந்தப் பாதியிடம் கொண்டுபோங்கள். விலகி ஓடும். சரி, இப்போது வெறும் விரலை நீட்டுங்கள். தொங்கும் ஸ்ட்ரா விரலை நோக்கி வருகிறது! விரலில் மின்னூட்டம் எதுவும் ஏற்றவில்லை.

ஆகவே ஈர்ப்பை மட்டும் பார்த்து ஒரு பொருளில் மின்னூட்டம் உண்டு என்று சொல்ல முடியாது. விலக்கல் நடந்தால் மட்டுமே இரண்டிலும் மின்னூட்டம் இருப்பது உறுதி.

கடைசியாக, தேய்த்த டிஷ்யூவையும் காட்டிப் பாருங்கள். ஸ்ட்ரா அதை நோக்கி வரும். உடனே "டிஷ்யூவில் நேர் மின்னூட்டம்" என்று குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டாம். கையில் பிடித்திருக்கும்போதே அது உங்கள் உடல் வழியே வடிந்து நடுநிலையாகியிருக்கலாம், நடுநிலை டிஷ்யூவுக்கும் ஸ்ட்ரா இப்படித்தான் திரும்பும்.