தபாலில் வந்த முட்டையில் குஞ்சு பொரிப்பது: ஒரு குஞ்சிலிருந்து ஏழு குஞ்சு வரை

முதல் தடவை பன்னிரண்டு முட்டை வரவழைத்தேன், ஒரே ஒரு குஞ்சு வந்தது. இரண்டாவது தடவையும் அதே இன்குபேட்டர், அதே இனம், அதே பன்னிரண்டு முட்டை. ஏழு குஞ்சுகள். நடுவில் நான் மாற்றிக்கொண்டது பெரும்பாலும் முதல் நான்கு நாள் வேலையைத்தான். இன்குபேட்டரில் தண்ணீர் எங்கே ஊற்றுவது, எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதெல்லாம் அதோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

தொடங்கும் முன் ஒன்றுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பெட்டியில் குலுங்கி வந்த முட்டைகளில் பாதி பொரிந்தாலே நல்ல கணக்கு. வீட்டுக் கோழியின் முட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

1. முட்டை வருவதற்கு முன்

இன்குபேட்டரை இரண்டு நாள் காலியாக ஓட விடுங்கள். விசிறி உள்ளதென்றால் 37.5 டிகிரி செல்சியஸ். அதன் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்குமே, அதை உள்ளே வைத்துப் பாருங்கள். நமக்கு வேண்டிய வெப்பநிலையைச் சரியாகக் காட்டவே செய்யப்பட்ட கருவி அது. தனியாக விலை கொடுத்து வாங்கிய தெர்மாமீட்டரைவிட அதைத்தான் நான் நம்புகிறேன்.

ஈரப்பத மானிக்கு உப்புச் சோதனை போதும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மானியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, எட்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 66 காட்டியது. முதல் தடவை முழுக்க ஒன்பது புள்ளி கூடுதலான ஈரத்தில் முட்டைகளை வைத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

2. பெட்டி வந்த அன்று

பெட்டி சில்லென்று இருந்தால் உடனே பிரிக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் ஓட்டின் மேல் வியர்த்துவிடும். அழுக்காக இருந்தாலும் கழுவ வேண்டாம். ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது, கிருமி உள்ளே போகாமல் காப்பது அதுதான். மயிரிழை விரிசல் இருந்தால் மெழுகுவர்த்தியை உருக்கி மெல்லிசாக ஒரு கோடு இழுத்துவிடலாம். கசிகிற முட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் மழுங்கிய முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். அந்த முனையில் ஒரு காலி இடம் வெளிச்சமாகத் தெரியும். அதுதான் காற்றறை. நல்ல முட்டையில் அது தொப்பி வைத்ததுபோல அசையாமல் இருக்கும். முட்டையை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்துக் குமிழி போல அது பக்கவாட்டில் ஓடினால், வழியில் வாங்கிய குலுக்கலில் உள்சவ்வு கழன்றிருக்கிறது.

என்னை விழவைத்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். முட்டை கோழியின் உடல் சூட்டோடு வெளியே வருகிறது. ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்க, ஓட்டின் நுண்துளைகள் வழியாகக் காற்று புகுந்து இரண்டு சவ்வுகளுக்கு நடுவே தங்குகிறது. இருபதாம் நாள் வாக்கில் குஞ்சு தன் முதல் மூச்சை இழுப்பது இந்த அறைக்குள் அலகை நுழைத்துத்தான். அறை இடம் மாறிக் கிடந்தால் முழுதாக வளர்ந்த குஞ்சு கடைசி நாளில் உள்ளேயே இறந்துபோகும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் நான்கு போயின. பெட்டி வந்த மூன்றாவது மணி நேரத்தில் ஆசை அடங்காமல் எல்லாவற்றையும் படுக்க வைத்து, தானாக உருட்டும் தட்டையும் ஓட விட்டிருந்தேன். கழன்ற சவ்வை இன்னும் கிழித்துவிட அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

3. ஓய்வு: 24 மணி நேரம்

கூர்முனை கீழே, மழுங்கிய முனை மேலே. முட்டை அட்டையில் இப்படி நிறுத்தி, அதிகச் சூடோ குளிரோ இல்லாத அறையில் ஒரு முழு நாள் தொடாமல் வையுங்கள். 18 டிகிரி பக்கம் இருந்தால் நல்லது. 21-ஐத் தாண்டும்போது கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். அதற்காக ஓய்வை நான்கைந்து நாள் நீட்டவும் கூடாது. இட்டு ஏழு நாளைத் தாண்டினால் பொரியும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், வழியிலேயே சில நாள் போயிருக்கும் அல்லவா.

ஓய்வு முடிந்ததும் மறுபடி டார்ச் அடித்து, காற்றறையின் ஓரத்தைப் பென்சிலால் ஓட்டின் மேலேயே வரைந்துவிடுங்கள். பேனா வேண்டாம். எனக்கு ஐந்து முட்டைகளில் குமிழி ஓடியது. மறுநாள் பார்த்தால் அதில் மூன்று அடங்கியிருந்தன. இரண்டு அடங்கவில்லை, அவற்றின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்தேன்.

4. நிறுத்தியே அடை வையுங்கள்

காகித முட்டை அட்டை எடுத்து, ஒவ்வொரு குழியின் அடியிலும் காற்றுப் போக ஓட்டை வெட்டுங்கள். அதே நிலையில், கூர்முனை கீழாக, இன்குபேட்டருக்குள். முதல் மூன்று நாள் திருப்பவே வேண்டாம்.

இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரம் திருப்பாவிட்டால் கரு சவ்வில் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அது உண்மைதான், அதனால்தான் நான் மூன்று நாளுக்கு மேல் காத்திருப்பதில்லை. நான்காம் நாள் முதல் அட்டையின் ஒரு பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்து 45 டிகிரி அளவுக்குச் சாய்க்கிறேன். அடுத்த முறை மறுபக்கம். ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை. ஒற்றைப்படையில் செய்தால் ராத்திரி நீண்ட நேரம் கிடக்கும் பக்கம் தினமும் மாறும். தானாகச் சாய்க்கும் தட்டு இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். உருட்டும் தட்டு தபால் முட்டைக்கு ஆகாது, என்னுடையது பரணில் கிடக்கிறது.

ஈரப்பதம் 45 சதவீதம் பக்கம் இருக்கட்டும். அதைவிட நம்பகமான கணக்கு எடை. 18-ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும். 50 கிராம் முட்டை 44 கிராம் பக்கம் வந்தால் சரி. அதைவிடக் குறைவாக இழந்தால் தண்ணீரைக் குறையுங்கள்.

5. டார்ச் அடித்துப் பார்ப்பது

ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் போதும். ஏழாம் நாளில் சிலந்தி கால் பரப்பியதுபோல நரம்புகளும் நடுவே அசையும் ஒரு கரும்புள்ளியும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. நரம்பு இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடக்கத்திலேயே இறந்துவிட்டது. கூமுட்டையை நாற்றம் வரும் முன் எடுத்துவிடுங்கள். வெடித்தால் மற்றவையும் கெடும்.

6. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு

திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 வரை ஏற்றி, மூடியை மூடிவிடுங்கள். காற்றுத் துளைகள் திறந்திருக்க வேண்டும். நல்ல காற்றறை உள்ளவற்றைப் படுக்க வைக்கலாம். பெருக்கல் குறி போட்டவை நின்றபடியே இருக்கட்டும்.

குஞ்சு ஓட்டில் முதல் ஓட்டை போட்ட பிறகு முழுதாக வெளியே வர 24 மணி நேரம் வரை ஆகலாம். அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் ஈரம் பறந்து, சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் இறுகிக்கொள்ளும். முதலில் வந்த குஞ்சு கத்துகிறதே, பசிக்குமே என்று திறக்காதீர்கள். வெளியே வருவதற்கு முன் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. இரண்டு நாள் தாங்கும்.

பிறகு சேர்த்தவை

21-ஆம் நாள் ஒன்றுமே நடக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பலர் வைத்த நாளையே ஒன்றாம் நாள் என்று எண்ணியிருக்கிறார்கள். 24 மணி நேரம் முடிந்தால்தான் ஒரு நாள். திங்கள் மாலை வைத்தால் மூன்று வாரம் கழித்து அதே திங்கள் மாலை, அவ்வளவுதான். தபால் முட்டை ஒன்றிரண்டு நாள் பிந்துவதும் உண்டு. 23 முடியும்வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

விசிறி இல்லாத இன்குபேட்டருக்கு என்ன அளவு என்று இன்னொருவர் கேட்டார். அதில் சூடு மேலே அதிகம், கீழே குறைவு. முட்டையின் உச்சி மட்டத்தில் அளந்து 38.5 வையுங்கள். நிறுத்தி வைத்த முட்டையின் உச்சி படுக்க வைத்ததைவிட உயரத்தில் இருக்கும், தெர்மாமீட்டரையும் அதற்கேற்ப உயர்த்துங்கள்.

பொரியாத ஐந்தையும் 24-ஆம் நாள் வெளியே கொண்டுபோய் உடைத்துப் பார்த்தேன். இரண்டில் கரு கூடவே இல்லை. ஒன்றில் சிவப்பு வளையம். ஒன்று முழுதாக வளர்ந்து, காரணம் தெரியாமல் இறந்திருந்தது. ஐந்தாவது பெருக்கல் குறி போட்டது. அதில் குஞ்சு தலைகீழாக, அலகைக் கூர்முனைப் பக்கம் வைத்துக் கிடந்தது. குறி போட்ட இன்னொன்று ஏழாவதாக வந்த குஞ்சு. மற்ற ஆறும் வந்து ஒரு நாள் கழித்து, ராத்திரியில் தனியாக வந்தது.