பெண்களின் இறப்பு விகிதம் கூடியதா குறைந்ததா: நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க

ஜப்பானில் 1980இல் ஆயிரம் பேருக்குச் சுமார் 6 பேர் இறந்தார்கள், 2022இல் அது கிட்டத்தட்ட 13. இதை மட்டும் பார்த்தால் அந்த நாட்டுக்கு ஏதோ பெரிய கேடு வந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஆனால் அதே காலத்தில் அங்கே பெண்களின் சராசரி ஆயுள் சுமார் 79 வயதிலிருந்து 87க்கு ஏறியிருக்கிறது. இரண்டும் உண்மைதான். நடந்தது என்னவென்றால், 1980இல் நூற்றுக்கு 9 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள், இப்போது 29 பேர். வயதானவர்கள் நிறைய இருக்கும் ஊரில் சாவும் நிறையத்தான் இருக்கும். அதனால் மொத்த இறப்பை மொத்த மக்கள்தொகையால் வகுத்து இரண்டு வருஷங்களை ஒப்பிடாதீர்கள். பெண்கள் நலம் பற்றிய விவாதங்களில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு இதுதான், இதனால் நல்ல முன்னேற்றமும் மறைந்துபோகும், உண்மையான ஆபத்தும் மறைந்துபோகும்.

சரி, என்ன வேண்டும்? ஒப்பிடும் ஒவ்வொரு வருஷத்துக்கும் இரண்டு பட்டியல்கள்: வயதுவாரியாக இறந்த பெண்கள், வயதுவாரியாக அந்த வருஷத்தின் நடுவில் உயிரோடிருந்த பெண்கள். ஐந்தைந்து வயதாகப் பிரித்திருந்தால் நல்லது. இங்கே கை கணக்குக்காக மூன்றே பிரிவுகளும், நானே போட்ட எண்களும்.

முதல் வருஷம், ஒரு லட்சம் பெண்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்கள் 40,000, அவர்களில் ஆயிரத்துக்கு 10 இறப்பு. 15 முதல் 59 வரை 55,000, ஆயிரத்துக்கு 4. 60க்கு மேல் 5,000, ஆயிரத்துக்கு 50. கூட்டினால் 400, 220, 250, மொத்தம் 870. ஆயிரத்துக்கு 8.7.

நாற்பது வருஷம் கழித்து அதே ஒரு லட்சம். இப்போது சிறுமிகள் 20,000, ஆயிரத்துக்கு 2. நடு வயதினர் 60,000, ஆயிரத்துக்கு 2. மூத்தவர்கள் 20,000, ஆயிரத்துக்கு 40. அதாவது 40, 120, 800, மொத்தம் 960. ஆயிரத்துக்கு 9.6. மூன்று வயதுப் பிரிவிலும் சாவு குறைந்திருக்கிறது, மொத்த விகிதமோ ஏறியிருக்கிறது!

இதைச் சரிசெய்யத்தான் வயதுச் சீராக்கம். இரண்டாம் வருஷத்தின் விகிதங்களை எடுத்து முதல் வருஷத்தின் ஆள்தொகை மேல் போடுங்கள்: 80, 110, 200, மொத்தம் 390. ஆக 8.7 என்பது 3.9 ஆகிவிட்டது, பாதிக்கும் மேல் குறைவு. அப்புறம் இதைத் திருப்பியும் செய்து பாருங்கள், முதல் வருஷத்து விகிதங்களை இரண்டாம் வருஷத்து ஆள்தொகை மேல் போட்டால் 14.4 வரும், அதிலிருந்து 9.6க்கு இறங்கியிருக்கிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. திசை ஒன்றுதான், அளவு வேறு. எந்த ஆள்தொகையை அடிப்படையாக வைத்தீர்கள் என்பதைச் சொல்லாமல் ‘இத்தனை சதவீதம் குறைந்தது’ என்று எழுதக்கூடாது என்பது இதனால்தான். பல நாடுகளை ஒப்பிடுவதென்றால் உலக சுகாதார நிறுவனம் தரும் உலகப் பொது ஆள்தொகையை (எந்த வயதில் எத்தனை பேர் என்று ஒப்பீட்டுக்காகவே வகுத்த மாதிரிப் பட்டியலை) எடுத்துக்கொள்ளலாம். எதுவானாலும் வயதுவாரி விகிதங்களையும் கூடவே காட்டுங்கள், சீராக்கிய ஒற்றை எண்ணுக்குள் இளம்பெண்களின் சாவு கூடியிருப்பது ஒளிந்துகொள்ளும்.

ஆண்களின் எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். இலங்கையில் 1940களில் பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களைவிடக் குறைவு, 1960களில்தான் அது மாறியது. பெண்களின் வரிசையை மட்டும் பார்த்தால் ஆயுள் ஏறியது தெரியும், பெண்கள் முந்தியது தெரியாது.

தரவு எங்கிருந்து வந்தது என்பதில் கொஞ்சம் நின்று நிதானியுங்கள். என் பாட்டி இறந்தபோது பதிவு செய்யப் போன மாமா ‘எழுபத்தஞ்சு இருக்கும்’ என்றார், அதுவே பதிவாகிவிட்டது, அம்மா கணக்குப் பார்த்தால் 71தான். இப்படித்தான் வயதுகள் 60, 65, 70 என்று குவிகின்றன, ஒற்றை வயதாகப் பிரித்துப் பார்க்காமல் அகலமான பிரிவாக வைத்துக்கொள்வது அதனால்தான் நல்லது. இந்தியாவில் ஆண்களின் இறப்பைவிடப் பெண்களின் இறப்பு பதிவாவது குறைவு. பதிவு ஒழுங்காக நடக்கத் தொடங்கினாலே ‘இறப்பு’ கூடியதுபோலத் தெரியும். ஆகவே நீண்ட கால ஒப்பீட்டுக்கு எஸ்.ஆர்.எஸ். எனும் மாதிரிப் பதிவு முறை மேல். அதில் ஒரே இடத்தின் பிறப்பு இறப்புகளை ஒருவர் தொடர்ந்து பதிவார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னொருவர் தனியாக வீடுவீடாக விசாரிப்பார், இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். வகுக்கும் எண்ணிலும் கவனம் வேண்டும்: 2011க்குப் பிறகு, 2021இல் நடக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால், அதற்கடுத்த வருஷங்களின் ஆள்தொகை வெறும் மதிப்பீடு.

மகப்பேறு மரணத்துக்குக் கணக்கு வேறு. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறந்தார்கள் என்பது ஒன்று, 15 முதல் 49 வயதுப் பெண்கள் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்பது இன்னொன்று. பிள்ளைப்பேறு குறைந்தாலே இரண்டாவது இறங்கிவிடும், பிரசவம் பாதுகாப்பானதா என்று கேட்க முதலாவதுதான் வேண்டும். எஸ்.ஆர்.எஸ். கணக்கில் இந்தியாவில் அது 2001-03இல் 301, 2018-20இல் 97. தமிழ்நாட்டில் 134இலிருந்து 54. மூன்று வருஷங்களைச் சேர்த்துத் தருவதன் காரணம், மாதிரியில் அகப்படும் மரணங்கள் சொற்பம் என்பதே. எனவே 58 அடுத்து 54 ஆனால் உடனே கொண்டாடவோ, ஏறினால் பதறவோ வேண்டாம், கூடவே தரப்படும் மேல் கீழ் வரம்புகளை, அதாவது உண்மையான எண் எதற்கும் எதற்கும் இடையில் இருக்கலாம் என்ற கணிப்பைப் பாருங்கள், அவை ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் மாற்றம் உறுதியில்லை.

கடைசியாக, மரணங்களைப் பதிவு செய்யும் விதி எப்போது மாறியது என்று தேடுங்கள். அமெரிக்காவில் இறந்த பெண் கர்ப்பமாக இருந்தாரா என்று கேட்கும் ஒரு கட்டம் 2003 முதல் இறப்புச் சான்றிதழில் வந்தது, மாநிலங்கள் ஒவ்வொன்றாக 2017 வரை அதைச் சேர்த்துக்கொண்டன. எண்பது வயதைத் தாண்டியவர்களுக்குக்கூட அதில் தவறாக டிக் விழுந்தது. அங்கே மகப்பேறு மரணம் அந்தக் காலத்தில் ஏறியதாகத் தெரிந்ததில் கணிசமான பங்கு இந்தக் கட்டத்துடையது. உங்கள் வரைபடத்திலும் அப்படி விதி மாறிய வருஷத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் தனித்தனியாகப் படியுங்கள்.