முழுக்கை டாட்டூ: முதன்முறை போடுபவர்களுக்கான படிப்படி விளக்கம்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் யாளித் தூண் ஒன்றின் எதிரே நின்று பார்த்துவிட்டு, பக்கவாட்டில் நான்கடி நகர்ந்து மறுபடியும் பாருங்கள். எதிரே நின்றபோது பிதுங்கிய கண்ணும் பல்வரிசையுமாகத் தெரிந்தது, பக்கத்திலிருந்து பார்க்கையில் பின்னங்கால்களை ஊன்றி எழும்பி நிற்கும் முழு விலங்காகிவிடும். கல் நெட்டையாக இருப்பதால் விலங்கையும் எழுப்பி நிறுத்தியிருக்கிறார் சிற்பி. நம் கையும் அப்படியொரு தூண்தான். அதைத் தட்டையான தாள் என்று எண்ணி, கைபேசியில் கண்ட படங்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போவதுதான் பெரும்பாலான முழுக்கை டாட்டூக்களைக் கெடுக்கிறது. என் வலக்கையில் இருக்கும் யாளியும் தாமரைக் கொடியும் முடிவதற்கு ஏழு அமர்வுகள் பிடித்தன. அவற்றில் ஒன்றரை அமர்வு, திட்டமில்லாமல் முன்பே போட்டுக்கொண்ட ஒரு சிறிய நங்கூரத்தை மறைப்பதற்கே செலவானது.

படி 1: எதுவரை என்பதை முடிவு செய்யுங்கள்

ஜப்பானிய மரபில் கை டாட்டூவின் நீளத்துக்கே தனித்தனிப் பெயர்கள் உண்டு. முழங்கைக்கு மேலே முடிவது கோபு, அதாவது பத்தில் ஐந்து பங்கு. முன்கையின் நடுவில் முடிவது ஷிச்சிபு, பத்தில் ஏழு பங்கு. சட்டைக் கைக்குள் மறைய வேண்டும் என்ற கணக்கை முதலிலேயே போட்டுவிடும் இந்த முறை, அலுவலகம் செல்லும் எவருக்கும் பயன்படும். இந்திய ராணுவத்தில் சேர விரும்புபவர்கள் இந்தப் படியிலேயே நின்றுவிடுவது நல்லது: பொதுவாக முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே டாட்டூ அனுமதிக்கப்படுகிறது, பழங்குடியினருக்கு மட்டும் தனி விலக்கு உண்டு. ரத்த தானம் செய்பவர்கள், ஒவ்வோர் அமர்வுக்குப் பிறகும் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

படி 2: கையின் அச்சை எடுங்கள்

சமையலறையில் உணவை மூடப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு சுற்று சுற்றி, அழியாத மார்க்கர் பேனாவால் முழங்கை முட்டி, அதன் உள்மடிப்பு, அக்குள் விளிம்பு, மச்சங்கள், தழும்புகள், பழைய டாட்டூ ஆகியவற்றைக் குறியுங்கள். அப்போது கை தளர்வாகத் தொங்க வேண்டும். மடக்கியோ திருப்பியோ வைத்தால் முன்கைத் தோல் முறுகி அளவு மாறிவிடும். பிறகு உட்புறமாக நீளவாக்கில் மழுங்கிய கத்திரிக்கோலால் கவனமாக வெட்டி விரித்தால், மேலே அகன்று கீழே குறுகிய ஒரு வடிவம் கிடைக்கும். அதுதான் உங்கள் உண்மையான வரைதளம். முதன்முறை விரித்துப் பார்த்தபோது, மணிக்கட்டருகே நான் மனத்தில் வைத்திருந்த இடத்தில் பாதிகூட இல்லை என்பது புரிந்தது. கூடவே கையை நான்கு பக்கங்களிலிருந்தும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பெரிய உருவம் முதலில், இடைவெளி அடுத்து

தோளிலும் புஜத்தின் வெளிப்பக்கத்திலும் முதன்மை உருவம், முன்கையின் வெளிப்பக்கத்தில் இரண்டாவது உருவம் என இரண்டு அல்லது மூன்று பெரிய உருவங்களோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை. அவற்றை இணைக்கும் பின்னணியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஜப்பானியக் கலைஞர்கள் அலை, மேகம், காற்றுக் கோடுகள் ஆகியவற்றைக் கருமையாக ஓடவிட்டு முழுக் கையையும் ஒரே காட்சியாக்குவதோடு, பருவத்தையும் கலைக்காமல் பார்த்துக்கொள்வார்கள்; செர்ரிப் பூ வசந்தத்துக்கு, மேப்பிள் இலை இலையுதிர் காலத்துக்கு. நம் கோயில் சிற்பத்திலிருந்து எடுப்பவர்களுக்குக் கொடிக்கருக்கு, அதாவது வளைந்தோடும் கொடி, இலை வேலைப்பாடு, அந்த இணைக்கும் வேலையைச் செய்யும்.

முழங்கை முட்டி தனிச் சிக்கல். அங்கே முகம் வைத்தால், கையை மடக்கும்போதெல்லாம் அது கோணும். விரிந்த தாமரை போன்ற வட்ட வடிவம் மடக்கினாலும் நீட்டினாலும் தாங்கும். சிக்குக் கோலத்தை விரும்புபவர்கள் அதிகம், ஆனால் அதன் அழகு புள்ளிகளின் சமதூரத்தில் இருப்பதால், அதிகம் முறுகாத இடத்தில், முழங்கைக்குச் சற்றுக் கீழே முன்கையின் வெளிப்பக்கத்தில் மட்டும் வைப்பேன்.

கோடுகளுக்கிடையே இடம் விட வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தது என் அப்பத்தாவின் முன்கை. வீட்டு வாசலுக்கு வந்த குறத்தியிடம் சிறுவயதில் குத்திக்கொண்ட கோலத்தில், நெருக்கமாக வைத்த புள்ளிகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்து மங்கலான பச்சைத் திட்டாகிவிட்டன. தள்ளி வைத்த நான்கு மூலைப் புள்ளிகள் மட்டும் கடைசிவரை புள்ளியாகவே இருந்தன. கருப்பு மை தோலின் உள்ளடுக்கிலிருந்து பச்சையாகவோ நீலமாகவோ தெரிவதும், ஆண்டுகள் ஏற ஏறக் கோடுகள் தடிப்பதும் எந்த மைக்கும் பொது. மாநிறத்திலும் கருப்பிலும் தோல் இருப்பவர்களுக்கு அழுத்தமான கருமையும், மை படாமல் விட்ட வெற்றுத் தோலும் சேர்ந்து தரும் வேறுபாடு நெடுநாள் நிற்கும். வெளிர் மஞ்சளையும் வெள்ளையையும் நம்பி வடிவமைக்க வேண்டாம். நிறமைகளில் சிவப்புதான் ஒவ்வாமைக்கு அதிகம் பெயர்பெற்றது. காயம் ஆறிய இடத்தில் தழும்பு புடைத்து வளரும் உடல்வாகு உடையவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் மேலே போகக் கூடாது.

படி 4: கலைஞரையும் கடையையும் பாருங்கள்

போட்டு முடித்த நிமிடத்தில் எடுத்த பளபளப்பான படங்களை ஒதுக்கிவிட்டு, ஓராண்டு கழிந்து ஆறிய டாட்டூக்களின் படங்களை, அதுவும் உங்கள் நிறத்துத் தோலில் போட்டவற்றைக் கேளுங்கள். காட்டத் தயங்குபவரிடம் முழுக் கையை ஒப்படைக்க வேண்டாம். ஊசி உறை உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். மை புதிய சிறு குப்பியில் ஊற்றப்பட வேண்டும். கையுறை மாற்றாமல் கைபேசியைத் தொடுபவரைக் கண்டால் எழுந்து வந்துவிடலாம். அசுத்தமான ஊசி வழியே மஞ்சள்காமாலை வைரஸ்களான ஹெபடைடிஸ் பி, சி ஆகியவை பரவக்கூடும் என்பதால், பி வகைக்கான தடுப்பூசியை முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அது பூச்சியம், ஒன்று, ஆறு ஆகிய மாதங்களில் மூன்று தவணையாகப் போடப்படுவது. திட்டமிடும் காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

படி 5: அமர்வுகளைப் பிரியுங்கள்

முழுக் கைக்குப் பொதுவாக இருபது முதல் நாற்பது மணி நேர வேலை இருக்கும். நுணுக்கத்தைப் பொறுத்து இது கூடும். முதலில் கை முழுவதற்கும் கோடுகள், பிறகு நிழல் காட்டும் கருப்பு ஷேடிங், கடைசியில் நிறம் என்ற வரிசை எனக்குப் பிடித்தது, ஏனென்றால் பாதியில் பணம் தீர்ந்து நின்றாலும் கை ஒரே கோட்டோவியமாக இருக்கும். அதே இடத்தில் மறுபடி ஊசி படுவதற்குக் குறைந்தது மூன்று, நான்கு வார இடைவெளி தேவை. சிறிய டாட்டூவுக்குச் சதுர அங்குலக் கணக்கு பேசுவார்கள். முழுக் கைக்கு அமர்வுக்கு இவ்வளவு என்று பேசி, இறுதித் திருத்தம் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திர நாள்களில் தொடங்க வேண்டாம். வியர்வையில் ஊறும் புண் ஆறுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை.

படி 6: அமர்வு நாள்

முந்தைய இரவு மது வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கையில்லாத பனியன் அணிந்து போங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் மருத்துவரிடம் முன்பே பேசியிருக்க வேண்டும். ஊசி படுமுன் வரைபடத்தைத் தோலில் பதிக்கும் தாளான ஸ்டென்சிலை ஒட்டியதும் அவசரப்படாமல், எழுந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, மடக்கி, திருப்பி கண்ணாடியில் பாருங்கள். கோணியிருந்தால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்வதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை. என் யாளிக்கு மூன்று முறை ஒட்டினோம். வலியைப் பொறுத்தவரை, புஜத்தின் வெளிப்பக்கம் எளிது; அக்குளருகேயும் முழங்கையின் உள்மடிப்பும் கடுமை. அந்த இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

படி 7: ஆறும் காலம்

கலைஞர் ஒட்டிவிடும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை அவர் சொன்ன நாள்வரை வைத்திருந்து, பிறகு மணமில்லாத சோப்பாலும் ஓடும் நீராலும் கழுவி, ஒற்றித் துடைத்து, களிம்பை மிக மெல்லியதாகத் தடவுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய் என்று வீட்டில் எல்லோரும் யோசனை சொல்வார்கள். கேட்டுக்கொண்டு, களிம்போடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் வாரத்தின் முடிவில் தோல் வாழைப்பட்டைபோல உரியத் தொடங்கும், அரிப்பும் எடுக்கும். சொறிந்தால் அந்த இடத்து மை பக்கோடு போய்விடும். கடல், குளம், நீச்சல் குளம் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று வாரம் விடுமுறை. சிவப்பு பரவினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கலைஞரிடம் படம் அனுப்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஆறு வாரம் கழித்து, பகல் வெளிச்சத்தில் கை முழுவதையும் பாருங்கள். முழங்கை முட்டியில் மை விட்டுப்போயிருப்பது சகஜம். திருத்தத்துக்கு அந்த இடத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும். இரண்டு சக்கர வாகனம் ஓட்டுபவர்கள் ஆறிய கைக்கு எஸ்பிஎஃப் 50 கொண்ட சன்ஸ்கிரீனைத் தினமும் தடவுங்கள். நான் இரண்டு ஆண்டுகள் சோம்பலாக இருந்தேன்; அரைக்கைச் சட்டைக்குள் இருந்த யாளி இன்னும் கருகருவென்று நிற்கிறது, அதன் காலடியிலிருந்து முன்கைக்கு இறங்கும் தாமரைக் கொடி வெளுத்துவிட்டது.