திசு காத்திருக்காது: பயாப்சி லேபுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம், பயிற்சிக்கு வந்திருக்கும் டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னாலஜி டிப்ளமா) மாணவி ஒருத்தி சலைனில் வந்த ஒரு பாட்டிலை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, "அக்கா, சாப்பிட்டு வந்து ஃபார்மலினில் போட்டுடறேன்" என்றாள். பதினாறு வருடத்துக்கு முன்னால், இதே சென்னையில் வேறொரு லேபில், நான் சொன்ன அதே வார்த்தை. சலைன் வெறும் உப்புநீர். திசுவைக் கெடாமல் நிறுத்திவைப்பது ஃபார்மலின்தான். எழுந்துபோய் அந்தப் பாட்டிலை நானே எடுத்துக்கொண்டேன். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

கையுறை போடுங்கள், பதிவேட்டில் எழுதுங்கள் என்பதையெல்லாம் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். அதற்குள் நான் போகவில்லை.

வெட்டி எடுத்ததும் செல்லின் வேலை நின்றுவிட்டது என்று நினைப்பது

எபிதீலியம் (உறுப்புகளின் மேலும் உள்ளும் போர்த்தியிருக்கும் படலம்), இணைப்பு, தசை, நரம்பு என்று நான்கு வகைத் திசுக்களைப் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். செல்லுக்குள் செரிக்கும் நொதிகளை அடைத்துவைத்திருக்கும் லைசோசோமுக்குத் 'தற்கொலைப் பை' என்ற பெயரும் ஞாபகம் இருக்கும். 1955இல் டி டூவ் அதைக் கண்டுபிடித்தார், 1974இல் நோபல் பரிசு பெற்றார் என்பதுகூட ஒரு மார்க் கேள்விக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பை உங்கள் கையில் இருக்கும் பாட்டிலுக்குள்ளேயே அவிழ்ந்துகொண்டிருக்கிறது என்பதை யாரும் சேர்த்துச் சொல்லித் தருவதில்லை.

ரத்த ஓட்டம் நின்றதும் செல்லுக்கு ஆக்சிஜன் இல்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி தீர்கிறது, செல்லுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. லைசோசோமுக்குள் அடைபட்டிருந்த நொதிகள் வெளியே கசிகின்றன. அவற்றுக்கு அமிலச் சூழல்தான் பிடிக்கும். செல் தன்னைத்தானே செரிக்கத் தொடங்குகிறது. வெயில் ஏற ஏற இந்த வேலை வேகமாக நடக்கும். கத்திரி வெயில் காலத்துச் சென்னையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாத் திசுவும் ஒரே வேகத்தில் கெடாது. கணையமும் இரைப்பை, குடலின் உள்தோலும் முதலில் போகும். அங்கே செரிமான நொதிகளும் இருக்கின்றன. எபிதீலியம், தான் உட்கார்ந்திருக்கும் அடித்தளச் சவ்விலிருந்து கழன்று உதிரும். கொலாஜன் நிறைந்த இணைப்புத் திசு நெடுநேரம் தாங்கும். ஆக, மருத்துவர் எதைப் பார்க்கத் துணுக்கை எடுத்தாரோ, பெரும்பாலும் அதுதான் முதலில் காணாமல் போகிறது.

என் கதைக்கு வருகிறேன். ஒரு மே மாதம், மதியம் பன்னிரண்டரை மணி. ஒரு நர்சிங் ஹோமிலிருந்து நோயாளியின் மகனே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் வந்திருந்தார். காலையில் எண்டோஸ்கோபியில் எடுத்த நாலு துணுக்குகள், ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு, சலைனில் மிதந்தன. சலைன் என்று எனக்குத் தெரிந்தது. ஃபார்மலின் கேன் காலி. புதிதாகக் கலக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து செய்யலாம் என்று போனேன். வந்ததும் வேறு வேலை. ஊற்றும்போது மணி நாலரை.

ஸ்லைடு வந்ததும் அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் மேடம் என்னைக் கூப்பிட்டு, "பார்" என்றார். உட்கருக்கள் வெளிறியிருந்தன. சுரப்பிகள் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பு நிழல். மேல் எபிதீலியம் உதிர்ந்து தனியே கிடந்தது. "இதில் புற்று இருக்கா இல்லையா, நீ சொல்லு." என்னால் சொல்ல முடியவில்லை, அவராலும் முடியவில்லை. எழுபது வயது அம்மா மறுபடி வெறும் வயிற்றோடு போய்க் குழாயை விழுங்க வேண்டியதாயிற்று. இரண்டாவது பாட்டிலைக் கொண்டுவந்தபோது அந்த மகன் என்னைத் திட்டவில்லை. "அம்மாவுக்குத் தொண்டை ரொம்ப வலிக்குதாம்மா" என்றார், அவ்வளவுதான்.

அதனால் இந்த ஒரு விஷயத்தில் இன்றைக்கும் எனக்குப் பொறுமை கிடையாது. பாட்டில் வந்ததும் முதல் கேள்வி: உள்ளே இருப்பது என்ன திரவம்? சந்தேகம் இருந்தால் உடனே மருத்துவரைக் கேளுங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் காசநோய் கல்ச்சருக்கு வந்த துணுக்கு சலைனில்தான் இருக்க வேண்டும். ஃபார்மலின் பட்டால் கிருமி செத்துவிடும். திசுவை உறைய வைத்து உடனே சீவிப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு வருவதையும் ஃபார்மலினில் போடக் கூடாது. இந்த விதிவிலக்குகளைப் பார்த்துவிட்டுத்தான் பல பேர் "சலைனும் பரவாயில்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். மற்றது பெரும்பாலும் ஃபார்மலினுக்கு. அது கைவசம் இல்லாத நேரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்தால் சிதைவு கொஞ்சம் மெதுவாகும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பனிப் படிகம் செல்லைக் கிழித்துவிடும்.

ஃபார்மலினில் போட்டால் மட்டும் போதாது, அளவும் வேண்டும். திசுவைப் போலக் குறைந்தது பத்து மடங்கு, முடிந்தால் இருபது மடங்கு. கர்ப்பப்பையை ஊறுகாய் போலத் திணித்து, மேலே நாலு விரல் ஃபார்மலின் ஊற்றி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபார்மலின் மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். ஆழம் கூடக்கூட அதுவும் குறையும். பெரிய உறுப்பை டாக்டரைக் கேட்டுக் கீறித் திறந்து வைக்காவிட்டால், அதிகத் தீயில் போட்ட வடை மாதிரி வெளியே வெந்து உள்ளே மாவாக இருக்கும். குறுகிய வாய் பாட்டிலும் வேண்டாம். போடும்போது வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். இறுகிய பிறகு வெளியே வராது.

10 சதவீதக் கணக்கு

கடையில் வாங்கும் ஃபார்மலினில் ஃபார்மால்டிஹைடு 37 முதல் 40 சதவீதம். அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். கையில் மிஞ்சுவது சுமார் 4 சதவீத ஃபார்மால்டிஹைடு. அதைத்தான் 10 சதவீத ஃபார்மலின் என்கிறோம். அமிலமாகாமல் காக்கும் பஃபர் உப்புகளை மறக்காதீர்கள். அமிலமாகிப்போன ஃபார்மலின் ரத்தத்தோடு சேர்ந்து பழுப்புக் கறுப்புத் துகள்களை உண்டாக்கும். அதை மலேரியா நிறமி என்று நம்பி ஓடிவந்தவர்கள் உண்டு.

உட்கருக்களை எண்ணி அடுக்கு சொல்வது

மூச்சுக்குழாய் எபிதீலிய ஸ்லைடில் உட்கருக்கள் மேலும் கீழுமாக இருக்கும். உடனே பல அடுக்கு என்பார்கள். எல்லா செல்லும் அடித்தளச் சவ்வைத் தொடுகிறது. சிலதுதான் உச்சிவரை எட்டுகிறது. அதனால் அது போலியடுக்கு. அப்புறம், கத்தி எந்தச் சாய்வில் போனது என்றும் யோசியுங்கள். வறுவலுக்கு வட்டமாக நறுக்கிய வாழைக்காயும் பஜ்ஜிக்கு நீளமாகச் சீவியதும் ஒரே காய்தான். சிறுநீரகக் குழல்கள் ஒரே ஸ்லைடில் வட்டமாகவும் நீளமாகவும் தெரிவது இதனால்தான். ஒற்றை அடுக்கு எபிதீலியமும் சாய்வாக வெட்டுப்பட்டால் பல அடுக்காகத் தெரியும்.

வெள்ளை ஓட்டைகள்

கொழுப்புச் செல்கள். உள்ளே இருந்த கொழுப்பை, ஸ்லைடு தயாரிக்கும்போது போடும் சைலீன் கரைத்துக்கொண்டு போய்விட்டது. ஸ்லைடு கிழிந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

எடுத்தவுடன் 40எக்ஸ்

வேண்டாம். முதலில் குறைந்த உருப்பெருக்கமான 4எக்ஸ் லென்ஸில் முழுத் திசுவையும் ஒரு சுற்று பாருங்கள்.

பாட்டிலில் கெட்டதையும் நெக்ரோசிஸையும் குழப்புவது

உயிரோடு இருந்த உடம்பில் செல் செத்திருந்தால் அது நெக்ரோசிஸ். பொதுவாகச் சுற்றி வெள்ளையணுக்கள் கூடியிருக்கும். பாட்டிலில் கெட்டதற்கு அப்படி யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் செத்துச் சில மணி நேரமே ஆன இடத்திலும் வெள்ளையணுக்கள் இருக்காது. அதனால் முடிவு மருத்துவருடையது. பாட்டில் எத்தனை மணிக்கு வந்தது, எதில் வந்தது, எப்போது ஃபார்மலினில் போட்டீர்கள் என்று அவருக்குத் தெரியும்படி எழுதிக் கொடுப்பது உங்களுடையது.

மூடியில் பெயர் எழுதுவது

மூடி மாறும். பாட்டிலின் உடம்பில் எழுதுங்கள்.