மோன் பிளாங் சுற்றுப்பாதை: வீட்டில் திட்டம் போடும்போதே நடந்துவிடும் தவறுகள்

ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தை முழு வட்டமாகச் சுற்றிவரும் நடைபாதைக்கு தூர் து மோன் பிளாங் என்று பெயர். நடப்பவர்கள் சுருக்கமாக டி.எம்.பி. என்பார்கள். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள், சுமார் 170 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் கிட்டத்தட்ட 10,000 மீட்டர். கயிறோ பனிக்கோடரியோ வேண்டாம். பகலில் நடந்து இரவில் மலைக்குடிலில் சாப்பிட்டுத் தூங்கலாம். நடந்து பழகிய யாராலும் முடியும். ஆனாலும் பாதியிலேயே பஸ் ஏறித் திரும்புகிறவர்கள் உண்டு. காரணத்தைத் தேடினால், அது பெரும்பாலும் மலையில் இருக்காது, போட்ட அட்டவணையில் இருக்கும்.

விமான டிக்கெட்டை முதலில் எடுப்பது

லீவு கிடைத்ததும் டிக்கெட் போட்டுவிட்டு, அப்புறம் குடில்களைத் தேடுவதுதான் பலர் செய்வது. வரிசையைத் தலைகீழாக்குங்கள். பாதையில் சில குடில்கள் தனியாக நிற்கின்றன. அங்கே இடம் இல்லையென்றால் பக்கத்தில் வேறு கூரை கிடையாது. பிரான்ஸில் குரூவா து போனோம், லாக் பிளான்; இத்தாலியில் எலிசபெட்டா, பொனாட்டி. முதலில் இவற்றுக்குத் தேதி வாங்குங்கள். ஷமோனி, கூர்மயூர், ஷாம்பே போன்ற ஊர்களில் ஓட்டல்கள் இருப்பதால் அந்த இரவுகளைக் கடைசியில் பொருத்திக்கொள்ளலாம். பல குடில்கள் முந்தைய குளிர்காலத்திலேயே முன்பதிவைத் திறந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகள்தான் முதலில் தீரும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இதே பாதையில் யு.டி.எம்.பி. மலை ஓட்டப் பந்தயம் நடக்கும். அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

இடம் கிடைக்காவிட்டால் கூடாரம் அடித்துக்கொள்ளலாம் என்று நம்பியும் கிளம்பக் கூடாது. மூன்று நாடுகளிலும் விதி வேறு வேறு. பாதையின் பெரும்பகுதியில் நினைத்த இடத்தில் கூடாரம் போட அனுமதி இல்லை.

கிலோமீட்டரை மட்டும் எண்ணுவது

பெரிய தவறு இதுதான். 170 கிலோமீட்டரை 7 நாளால் வகுத்தால் நாளுக்கு 24 வருகிறது; சமதரையில் நடந்து பழகியவருக்கு அது பெரிதாகத் தோன்றாது. இந்தப் பாதையில் நேரத்தைத் தின்பது ஏற்றமும் இறக்கமும்தான். ஆல்ப்ஸில் நடப்பவர்கள் போடும் கணக்கு எளிது: மேலே ஏற மணிக்கு 300 மீட்டர், கீழே இறங்க மணிக்கு 500 மீட்டர், தூரத்துக்கு மணிக்கு 4 கிலோமீட்டர். ஏற்ற இறக்கத்துக்கு ஆகும் நேரத்தைத் தனியாகவும் தூரத்துக்கு ஆகும் நேரத்தைத் தனியாகவும் போடுங்கள். இரண்டில் பெரியதை அப்படியே எடுத்து, சிறியதில் பாதியைக் கூட்டுங்கள்.

ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். லே கோன்டமின் ஊர் 1,167 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குரூவா து போனோம் குடில் 2,443 மீட்டரில். ஏற்றம் சுமார் 1,300 மீட்டர் என்றால் 4 மணி 20 நிமிடம். தூரம் சுமார் 13 கிலோமீட்டர் என்றால் 3 மணி 15 நிமிடம். அதில் பாதி 1 மணி 40 நிமிடம். மொத்தம் 6 மணி நேரம். இதில் சாப்பாடு, ஓய்வு, போட்டோ எதுவும் சேரவில்லை. பாதையோரப் பலகைகளில் இருக்கும் நேரமும் அப்படித்தான், நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். முதுகில் பை சுமந்து புதிதாக நடப்பவர் கால்பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக சாப்பாடும் ஓய்வும் சேர்த்தால் இந்த ஒரு நாளுக்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதே கணக்கை ஒவ்வொரு நாளுக்கும் போட்டால், வழக்கமாக இதை 10, 11 நாளாகப் பிரிப்பதன் காரணம் விளங்கும்.

நடுவில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். அதற்குத் தோதான ஊர் கூர்மயூர். மருந்துக்கடை, ஷூ கடை எல்லாம் உண்டு. உடம்பு ஒத்துழைக்காவிட்டால் சுரங்கப்பாதை வழியாக ஷமோனிக்கு பஸ்ஸும் இருக்கிறது. கூர்மயூருக்குள் இறங்கும் கடைசி 700 மீட்டர் உயரம்தான் பலருடைய முழங்காலைப் பதம் பார்ப்பது: காட்டுக்குள் செங்குத்தான, புழுதி பறக்கும் இறக்கம். கோடையில் பிளான் ஷெக்ரூயியிலிருந்து ரோப் கார் ஓடும் நாட்களில் அதில் இறங்கிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மறுநாள் நடக்க முழங்கால் வேண்டும்.

பயிற்சியிலும் இறக்கத்தை மறந்துவிடுகிறார்கள். அருகில் மலை இல்லாதவர்களுக்கு அடுக்குமாடிப் படிக்கட்டு போதும். பத்து மாடி என்பது சுமார் 30 மீட்டர். பையில் 7 கிலோ வைத்து 20 முறை ஏறி இறங்கினால் 600 மீட்டர். கிளம்புவதற்கு இரண்டரை மாதம் முன்பு 5 முறையில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் ஏற்றிக்கொண்டே போங்கள். லிஃப்டில் இறங்கிவிட்டால் பயிற்சியில் பாதி போய்விடும்.

குடில் திறந்தால் பாதையும் திறந்துவிட்டது என்று நினைப்பது

ஜூன் நடுவில் குடில்கள் திறக்கும். ஆனால் பல கணவாய்களில் பனி அதற்குப் பிறகும் கிடக்கும். போனோம் குடிலுக்கு மேலே உள்ள கோல் தெ ஃபூர் கணவாய் 2,665 மீட்டர். இரவில் உறைந்த பனி காலையில் கண்ணாடிபோல் இருக்கும். சரிவில் சறுக்கினால் நிற்க வழியில்லை. லே ஷாப்பியூ வழியாகக் கீழே இறங்கிச் சுற்றிப்போகும் பாதை நீளம்தான், ஆனால் பத்திரமானது. ஷாம்பேயிலிருந்து த்ரியான் போகும் நாளுக்கும் இரண்டு வழி உண்டு: 2,665 மீட்டரில் ஃபெனெத்ர் தார்பெத் கணவாய், தாழ்வாகப் போகும் போவீன் பாதை. எந்த வழி என்பதை வீட்டிலேயே முடிவுசெய்து வைக்காதீர்கள். முந்தைய இரவு குடில்காரரைக் கேளுங்கள். எதிர்த்திசையிலிருந்து அன்று வந்தவர்கள் சொன்னதெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஜூலை, ஆகஸ்டில் கவலை பிற்பகல் இடி. காலை 7 மணிக்குக் கிளம்பி மதியத்துக்குள் கணவாயைத் தாண்டிவிட வேண்டும். த்ரே லெ ஷாம் தாண்டி லாக் பிளான் போகும் வழியில் பாறையில் பதித்த இரும்பு ஏணிகள் வரும். இடி வரும் நாளிலும் பாறை ஈரமான நாளிலும் அவற்றில் ஏறக் கூடாது. உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள் எந்த நாளிலும் கோல் தே மொன்தே வழியாகப் போய் அதே பாதையில் சேர்ந்துகொள்ளலாம்.

பை, சாப்பாடு, பணம்

தண்ணீரோடு சேர்த்து 9 கிலோவுக்கு மேல் போனால் எதையோ தேவையில்லாமல் தூக்குகிறீர்கள். குடிலில் கம்பளி தருவார்கள், அதனால் ஸ்லீப்பிங் பேக் வேண்டாம். உள்விரிப்பான லைனர் மட்டும் கட்டாயம். பருத்தி உடை நனைந்தால் காயாது, காற்றில் உடம்பை உறைய வைக்கும். ஜீன்ஸ், பனியனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மழைச்சட்டை, ஃப்ளீஸ், கையுறை, தொப்பி ஆகஸ்டிலும் வேண்டும். பொதுக்கூடத்தில் இருபது பேர் தூங்கும்போது காதடைப்பான் எவ்வளவு அவசியம் என்று தெரியும். புது ஷூவோடு விமானம் ஏறாதீர்கள்; குறைந்தது 80 கிலோமீட்டராவது நடந்து பழகியிருக்க வேண்டும்.

இரவுணவு எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே நேரம், பெரும்பாலும் 7 மணிவாக்கில். சைவம் என்பதை முன்பதிவிலேயே எழுதி, போய்ச் சேர்ந்ததும் மறுபடி சொல்லுங்கள். அங்கே சைவத் தட்டில் முட்டையும் சீஸும் வரும்; சூப் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பருப்புப்பொடி மாதிரி உலர்ந்தது ஒரு பொட்டலம் கைகொடுக்கும். இந்தியா, இலங்கையிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உண்டு. மறுநாள் மதியச் சாப்பாட்டை முந்தைய இரவே சொல்லிவைக்க வேண்டும். சிக்னல் இல்லாத குடிலில் கார்டு வேலை செய்யாது. யூரோவும், சுவிஸ் பக்கத்துக்கு ஃபிராங்கும் கையில் இருக்கட்டும்.

விசாவும் காப்பீடும்

ஷமோனிக்கு அருகில் இருக்கும் பெரிய விமான நிலையம் ஜெனீவா. அதனால் சுவிஸ் விசாவுக்கு விண்ணப்பித்துவிடுகிறார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் விதிப்படி அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமான அட்டவணையில் அது பிரான்ஸ். இரவுகளை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து, குறைந்தது 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு குடிலின் உறுதி மின்னஞ்சலையும் இணையுங்கள். மூன்று நாடும் ஷெங்கனுக்குள்ளேயே இருப்பதால் ஒரு முறை நுழைவு விசா போதும். கணவாயில் சோதனைச்சாவடி இருக்காது, ஆனாலும் பாஸ்போர்ட் பையில் இருக்க வேண்டும்.

விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்த பாலிசியில் மலைநடை விலக்கப்பட்டிருக்கிறதா, ஹெலிகாப்டர் மீட்பு சேர்ந்திருக்கிறதா, 3,000 மீட்டர் வரை செல்லுமா என்ற மூன்றையும் படித்துப் பாருங்கள். சுவிஸ் பக்கம் ஹெலிகாப்டர் வந்தால் பில் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

தாமதமானாலோ வர முடியாவிட்டாலோ குடிலுக்குப் போன் செய்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்களைத் தேட ஆள் கிளம்பக்கூடும். கட்டிய பணமும் போகும். மூன்று நாட்டிலும் அவசர எண் 112. சிக்னல் இல்லாத இடத்தில் விசிலோ டார்ச்சோ ஒரு நிமிடத்துக்கு 6 முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி 6 முறை. அந்தப் பக்கத்திலிருந்து நிமிடத்துக்கு 3 முறை பதில் வந்தால் உங்களைக் கண்டுகொண்டார்கள். இருந்த இடத்திலேயே இருங்கள்.